கைமாறும் சக்கர வீட்டின் நியாய விலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு ஒன்றுண்டு. டிராவல் டிரெய்லர் என்பது அதன் பெயர். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய எல்லாவற்றையும் இருபது இருபத்தைந்து அடி நீளத்துக்குள் அடக்கிக்கொண்டு, கோடையில் மலைச்சாரல்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் போய்வந்து, குளிர்காலம் முழுவதும் வீட்டின் பின்புறத்தில் பனியில் நனைந்துகொண்டு நிற்கும் இந்த வண்டி, சட்டத்தின் பார்வைக்கு வாகனம். அதனுள் படுத்து உறங்குகிறவனுக்கு வீடு. அது அழிவது வீடு அழிகிற மாதிரி. ஆனால் அதை விற்பதும் வாங்குவதும் மோட்டார் கார் விற்கிற மாதிரி. புதிதாக வாங்கியவர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் ஆசை தீர்ந்தோ, வயது முதிர்ந்தோ, கடன் தவணை கட்ட இயலாமலோ அதை மற்றொருவருக்குத் தள்ளிவிடுவதால், பழைய டிரெய்லர்களின் சந்தை அந்நாடுகளில் மிகப் பெரிது. அந்தச் சந்தையில் ஒரு டிரெய்லருக்கு எது நியாயமான கிரயம் என்று தீர்மானிக்கும் வழக்கத்தின் குணதோஷங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கம் என்று நான் குறிப்பிடுவது முக்கியமாக விலைப் பட்டியலை. பழைய கார்களுக்கு விலை அட்டவணை வெளியிடும் காரியத்தை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கார் வியாபாரம் செய்துவந்த லெஸ் கெல்லி என்பவர் 1926-ல் 'புளூ புக்' என்ற பெயரில் தொடங்கினார். 1933-ல் அமெரிக்க மோட்டார் வியாபாரிகளின் தேசியச் சங்கமும் தனக்கென்று ஒரு பட்டியலை வெளியிட முன்வந்தது. அச்சங்கத்தின் பெயரைத் தாங்கிய பட்டியல்கள் நாளடைவில் கார்களோடு நில்லாமல் படகு, மோட்டார் சைக்கிள், டிரெய்லர் ஆகியவற்றுக்கும் விரிந்து, இப்போது ஜே.டி. பவர் என்ற நிறுவனத்தின் பெயரில் வெளிவருகின்றன. டிரெய்லருக்கு விலை பேசுகிறவர்கள் பெரும்பாலோர் சாட்சிக்கு அழைப்பது இந்தப் பட்டியலைத்தான். ஒவ்வொரு உற்பத்தியாளரும் ஒவ்வோர் ஆண்டும் செய்த ஒவ்வொரு மாதிரிக்கும் அதில் மூன்று தொகைகள் காணலாம்: புதிதாக இருந்தபோது உற்பத்தியாளர் குறித்த விலை, தாழ்ந்த சில்லறை விலை, சராசரிச் சில்லறை விலை. கடன் கொடுக்கும் வங்கி, நஷ்டஈடு கணக்கிடும் இன்ஷூரன்ஸ் கம்பெனி, பழைய வண்டியை எடுத்துக்கொண்டு புதிது கொடுக்கும் டீலர் ஆகிய அனைவரும் முதலில் புரட்டுவது இதைத்தான்.

இப்பட்டியலை இகழ்வது சுலபம்; அனுபவசாலிகள் பலர் இகழவும் செய்கிறார்கள். எனினும் பட்டியலே இல்லாத சந்தை எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். விற்கிறவனுடைய மனத்தில் முதன்முதலில் எழும் தொகை, தான் அந்த டிரெய்லருக்குக் கொடுத்த பணம். அதன்மேல் தான் வாங்கிப் பூட்டிய சூரிய ஒளித் தகடுகளும், மாற்றிய மெத்தையும் திரைச்சீலைகளும். அதற்கும் மேலே, குழந்தைகளோடு அதில் கழித்த கோடைக்காலங்களின் இனிமை. வாங்குகிறவன் இவற்றில் எதற்கும் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன் என்பதை விற்கிறவனுக்கு நேருக்கு நேராகச் சொல்வது மனஸ்தாபத்தில் முடியும். பட்டியல் சொல்லும்போது மனஸ்தாபத்துக்கு இடமில்லை. இரு தரப்பாருக்கும் உறவில்லாத ஒரு மூன்றாம் குரல், பேரம் நடக்கும் முற்றத்தில் ஒலிப்பதே பெரிய உபகாரம்.

அன்றியும், புது விலையைப் பற்றிய ஒரு மாயையைப் பட்டியல் ஓரளவு கலைத்துவிடுகிறது. உற்பத்தியாளர் குறித்த முழு விலைக்குப் புது டிரெய்லரை வாங்குகிறவர்கள் சொற்பம். அதில் ஐந்தில் ஒரு பங்கோ, சில சமயங்களில் அதற்கும் அதிகமோ தள்ளிக் கொடுப்பது டீலர்களின் சாதாரண நடைமுறை. ஆகையால், "புதிதில் இதன் விலை 40,000 டாலர், இரண்டே ஆண்டுகளில் 10,000 டாலர் குறைத்து 30,000-க்குத் தருகிறேன்" என்று தாராள மனத்தோடு பேசுகிறவன், தான் வாங்கியதே 31,000-க்குத்தான் என்பதைச் சொல்லாமல் விடக்கூடும். டீலருடைய வாயிலைக் கடந்த அன்றே புதுமையின் பெறுமதி கழிந்துபோகிறது என்பதையும், முதல் சில ஆண்டுகளில் விலை செங்குத்தாக இறங்கிப் பிறகு மெதுவாகச் சரிகிறது என்பதையும் பாமர வாங்குவோனுக்கு எடுத்துக் காட்டுவதில் பட்டியலுக்கு இணையான ஆசிரியர் இல்லை. (இந்த ஆசிரியரையும் ஏமாற்ற வழியுண்டு: ஆதார விலையிலேயே அடங்கிய குளிர்சாதனம், வெயில் பந்தல், அடுப்பு முதலியவற்றைத் தனி அலங்காரங்களாகக் கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கூட்டி, பட்டியலின் வாயாலேயே அதிக விலையைச் சொல்லவைப்பார்கள்.)

இவ்வளவும் குணம். தோஷம் எங்கே தொடங்குகிறது என்றால், 'சராசரி' என்ற நிலையைப் பட்டியல் எப்படி வர்ணிக்கிறது என்ற இடத்தில் தொடங்குகிறது. கண்ணாடிகளும் டயர்களும் நன்றாக இருக்கவேண்டும், வர்ணம் ஒத்திருக்கவேண்டும், உள்ளே வயதுக்கேற்ற தேய்மானம் மட்டும் காணலாம், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் குறை இருத்தல் கூடாது. காரைப் பொறுத்தவரையில் இவ்வர்ணனை போதும். காரின் ஆயுளை அளக்க அதில் ஓடிய மைல்களைக் காட்டும் கருவி இருக்கிறது, எஞ்சினின் ஓசையே பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறது. டிரெய்லரில் எஞ்சினும் இல்லை, மைல் காட்டும் கருவியும் இல்லை. நூறு மைல் ஓடியதும், லட்சம் மைல் ஓடியதும், அசையாமல் நின்று மழையில் ஊறியதும் பட்டியலில் ஒரே வரியில் ஒரே தொகையோடு நிற்கின்றன. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாத குறையே டிரெய்லரைக் கொல்லும் குறை என்பதை எண்ணும்போது, இவ்வர்ணனை எவ்வளவு அபாயமானது என்பது புலப்படும். காட்சி, அனுமானம், ஆப்த வாக்கியம் (நம்பத்தக்கவர் சொல்) என்று நம் தர்க்க நூலார் பிரமாணங்களை வகுத்துக் காட்சியைத் தலைமையாக வைத்தார்கள். டிரெய்லர் சந்தையிலோ ஆப்த வாக்கியம் முதலிடம் பெற்றுக் காட்சியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது.

அந்தக் குறை தண்ணீர். இதை விளங்கிக்கொள்ள டிரெய்லரின் உடலமைப்பைச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பகுதி உற்பத்தியாவது இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில். அங்கே பொதுவாக இரண்டு முறைகளில் சுவர் எழுப்புகிறார்கள். மெல்லிய மரச் சட்டங்களால் கூடு அமைத்து, இடைவெளிகளில் கண்ணாடி நாரை அடைத்து, வெளிப்புறத்தில் நெளிவுள்ள அலுமினியத் தகட்டை அறைந்துவிடுவது ஒரு முறை. வியாபாரத்தில் இதற்கு 'ஸ்டிக் அண்ட் டின்' என்ற கொச்சைப் பெயர் வழங்குகிறது. அலுமினியச் சட்டத்துக்கு நடுவில் நுரைப் பலகையைப் பொருத்தி, வெளிப்புறத்தில் மெல்லிய ஒட்டுப்பலகையையும் அதன்மேல் கண்ணாடி நார்த் தகட்டையும் பசையிட்டு அழுத்தி ஒரே பலகையாக்குவது மற்றொரு முறை. முன்னதில் தண்ணீர் புகுந்தால் உள்ளே மரச் சட்டம் இற்றுப்போக, வெளியே தகடு மட்டும் ஒன்றும் அறியாததுபோல் நிமிர்ந்து நிற்கிறது. பின்னதில் புகுந்தால் பசை விட்டுப்போய் வெளித்தகடு அலையலையாக உப்பி எழும்புகிறது. அப்படி உப்பிய சுவரை அடக்கமான செலவில் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் ஆகாத காரியம்.

தண்ணீர் புகும் வழிகளுக்கோ குறைவில்லை. கூரையின்மேல் விரித்திருப்பது ரப்பர் இனத்தைச் சேர்ந்த மெல்லிய விரிப்பு; காற்றுப்போக்கிக்காகவும், குளிர்சாதனத்துக்காகவும், கழிவுத் தொட்டியின் வாயுக்குழாய்க்காகவும், மேல் ஜன்னலுக்காகவும் அதைப் பல இடங்களில் வெட்டி, வெட்டிய ஒவ்வொரு வாயையும் சுற்றி அடைப்புப் பசையைப் பூசியிருப்பார்கள். ஜன்னல்களின் ஓரம், மூலை இணைப்புகள், விளக்குகளின் பின்புறம் எல்லாம் இப்படியே பசையை நம்பி நிற்பவை. வெயிலில் காய்ந்தும், பனியில் சுருங்கியும், சாலையில் அதிர்ந்தும் அந்தப் பசை நூலிழை பிளந்தால் போதும். மழைக்கு அதுவே வாசல். ஆண்டில் இரண்டொரு முறையாவது கூரைமேல் ஏறி இவற்றைப் பார்த்துப் புதுப்பிக்கவேண்டும் என்று உற்பத்தியாளர்களின் கையேடுகள் வற்புறுத்துகின்றன, ஏறுகிறவர்கள் சிலரே. கூரையில் புகுந்த துளி சுவருக்குள் இறங்கித் தரைப் பலகையின் ஓரத்தில் போய்த் தங்கி, ஓதம் ஏறி, பூசணம் பிடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மூலையில் கால் வைக்கும்போது தரை மெத்தென்று அமுங்குகையில்தான் தன் இருப்பை வெளிப்படுத்துகிறது. அதற்குள் செலவு ஆயிரக்கணக்கான டாலர்களுக்கு வளர்ந்திருக்கும்.

ஆகவே ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு டிரெய்லர்களில் ஒன்று கொட்டகைக்குள் நின்று, ஆண்டுதோறும் பசை புதுப்பிக்கப்பெற்று, பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் காய்ந்த கட்டையாக இருக்கலாம். மற்றொன்று ஐந்தே ஆண்டுகளில் உள்ளே ஊறி, பிரித்துப்போடும் கூலிக்கும் பெறாததாக ஆகியிருக்கலாம். முன்னதன் உண்மையான பெறுமதி பட்டியலுக்கு மேலே. பின்னதன் பெறுமதி ஏறத்தாழ ஒன்றுமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்து இதுவே சராசரி என்றால், அந்தக் கோட்டின்மீது நிற்கும் டிரெய்லர்கள் மிகச் சிலவாகவே இருக்கும். வாழ்ந்த பிரதேசமும் இந்த வேறுபாட்டைப் பெருக்குகிறது. அரிஸோனாப் பாலைவனத்தில் நின்றதற்கு மரம் காய்ந்திருக்கும், ஆனால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெயிலில் வெந்துபோயிருக்கும். புளோரிடாவிலிருந்தும் வாஷிங்டன் மாநிலத்தின் கடலோரத்திலிருந்தும் வந்ததில் ஓதத்தைச் சந்தேகிக்கவேண்டும். உப்புத் தூவிய வடமாநிலச் சாலைகளில் ஓடியதன் அடிச்சட்டத்தில் துருவையும், குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்க மறந்தவனுடைய வண்டியில் வெடித்த குழாய்களையும் தேடவேண்டும்.

பட்டியலின் மற்றொரு பலவீனம், விற்பனை அதிகமில்லாத சிறிய உற்பத்தியாளர்களின் டிரெய்லர்களைப் பற்றியது. கனடாவில் வின்னிபெக் நகரத்தைச் சேர்ந்த ரே ஒலெக்கோ என்பவர் 1968-ல் 'போலர்' என்ற பெயரில் ஒரு சிறு டிரெய்லரைச் செய்யத் தொடங்கினார். மேற்பாதி ஒன்று, கீழ்ப்பாதி ஒன்று என்று கண்ணாடி நாரில் இரண்டு ஓடுகளை வார்த்து, இடுப்பில் ஒன்றாகப் பொருத்திய முட்டை வடிவம் அது. கூரைக்கும் சுவருக்கும் இடையே மூட்டு என்பதே இல்லாததால், முன்னே சொன்ன தண்ணீர் வாசல்களில் பெரும்பாலானவை அதற்குக் கிடையா. மின்னெஸோட்டாவில் பேக்கஸ் என்ற ஊரில் செய்யப்படும் 'ஸ்காம்ப்', டெக்ஸஸில் ரைஸ் என்ற ஊரில் செய்யப்படும் 'காஸிட்டா' ஆகியவையும் இதே ஜாதி. இவற்றின் பழைய வண்டிகள் விற்பனைக்கு வந்தால் ஒரு சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்தில், கைமாறிவிடுகின்றன. இருபது முப்பது வயதானவற்றுக்கும் கிராக்கி குறைவதில்லை. ஆண்டுக்கு இவ்வளவு கழிவு என்ற கணக்கு இவற்றினிடம் பலிப்பதில்லை. கழிவுக் கணக்கு என்பது ஆண்டுகளின்மீது போட்ட கணக்கேயன்றி மூட்டுகளின்மீது போட்டது அன்று.

ஆனால் சந்தையே எல்லாம் அறியும், பட்டியல் ஒன்றும் அறியாது என்று முடிவு கட்டுவதும் தவறு. வாலி பையம் என்பவர் 1930-களில் தொடங்கிய 'ஏர்ஸ்ட்ரீம்' டிரெய்லர்கள் ஓஹையோ மாநிலத்தில் ஜாக்ஸன் சென்டர் என்ற ஊரில் இன்றும் உற்பத்தியாகின்றன. விமானத்தைப்போல் அலுமினியத் தகடுகளை ஆணி அடித்து இணைத்த அதன் வெள்ளி உடலின் அழகுக்கு ஈடில்லை. அந்த அழகும் புகழும் பழைய ஏர்ஸ்ட்ரீம்களின் விலையைச் சமவயதுள்ள மற்றவற்றினும் பன்மடங்கு உயர்த்தி வைத்திருக்கின்றன. அந்த வெள்ளி உடலுக்குக் கீழே பழைய மாதிரிகளில் உள்ள தரை ஒட்டுப்பலகைத் தரை என்பதையும், ஜன்னல் வழியாகவும் பின்புற மூட்டு வழியாகவும் கசிந்த நீரால் அது இற்றுப்போய், 1970-களைச் சேர்ந்த சிலவற்றில் பின்பாகம் அடிச்சட்டத்தை விட்டே பிரிந்து தொங்கும் என்பதையும் வாங்குகிறவர்கள் விலை கொடுத்தபிறகுதான் அறிகிறார்கள். புகழுக்குக் கொடுத்த விலையை நியாய விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வேறு கணக்கு, ஓவியத்துக்கும் பழம்பொருளுக்கும் கொடுக்கும் விலையின் கணக்கு.

பட்டியலை நம்பாதவர்கள் கைக்கொள்ளும் மாற்று வழி, அதே மாதிரி டிரெய்லர்களுக்கு மற்றவர்கள் என்ன விலை சொல்லுகிறார்கள் என்று விளம்பரங்களைப் பார்த்து ஒப்பிடுவது. இந்த முறை பட்டியலைவிடச் சுறுசுறுப்பானது. வசந்த காலத்தில் விலை ஏறுவதையும், இலையுதிர் காலத்தில், இன்னொரு குளிர்காலம் வண்டியை நிறுத்திவைக்க மனமில்லாதவர்கள் இறங்கி வருவதையும் உடனே காட்டிவிடும். ஆனால் சொல்லும் விலை வேறு, படிந்த விலை வேறு. விளம்பரத்தில் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருக்கும் டிரெய்லர்கள் எவை? விலை படியாதவை. நியாயமாக விலை சொன்னவன் முதல் வாரத்திலேயே விற்றுவிட்டு விளம்பரத்தை எடுத்துவிட்டான். எஞ்சி நிற்கும் பேராசைகளை எல்லாம் கூட்டி வகுத்து, இதுவே சந்தை விலை என்பது விசித்திரமான கணிதம்.

சொல்லும் விலை ஏன் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதற்குப் பேராசை மட்டுமே காரணம் அன்று. டிரெய்லர் வாங்க அமெரிக்க வங்கிகள் பத்து, பதினைந்து, சில சமயம் இருபது ஆண்டுத் தவணையில் கடன் கொடுக்கின்றன. டிரெய்லரின் மதிப்பு முதலாண்டுகளில் விரைந்து இறங்குகிறது. நீண்ட தவணையில் அசல் குறைவதோ அந்த ஆண்டுகளில்தான் மிக மெதுவாக. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவன், வண்டியின் பெறுமதியைவிட அதிகமான கடன் உடையவனாகி, கடனைத் தீர்க்கும் தொகையையே விலையாகச் சொல்லுகிறான். அதற்குக் குறைத்து விற்றால் பாக்கியைத் தன் கையிலிருந்து கட்டினால்தான் வண்டியின் உரிமைப் பத்திரம் விடுபடும். அவன் சொல்லுவது டிரெய்லரின் விலை அன்று, தன் சங்கடத்தின் விலை. கோவிட் கொள்ளைநோய்க் காலத்தில் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் அஞ்சிய ஜனங்கள் டிரெய்லர்களை நாடி ஓடியபோது இந்தச் சங்கடம் மொத்தமாக விதைக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 2021-ல் வெளிவந்த டிரெய்லர்களும் மோட்டார் வீடுகளும் சேர்ந்து 6 லட்சத்துக்குச் சற்று மேல். 2023-ல் அத்தொகை சுமார் 3.13 லட்சமாகச் சரிந்தது. உச்சத்தில் கடன் வாங்கியவர்கள் சரிவில் விற்க வந்தபோது, சொன்ன விலைக்கும் படிந்த விலைக்கும் உள்ள தூரம் அதிகமாயிற்று. வேட்கைக் காலத்தில் படிந்த விலைகளைத் திரட்டிய எந்தப் பட்டியலும் அடுத்த பருவத்துக்குச் சரியான வழிகாட்டியாக இருந்திருக்க முடியாது.

பொருளாதார நிபுணர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 2001-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைப்பதற்கு முக்கிய காரணமாக இருந்தது அக்கட்டுரைதான். குறையை விற்கிறவன் அறிவான், வாங்குகிறவன் அறியான் என்ற நிலையில், வாங்குகிறவன் எல்லா வண்டிகளுக்கும் சராசரி விலைக்கு மேல் கொடுக்க அஞ்சுவான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையைவிட்டு விலகுவான். எஞ்சுவது மட்டமான சரக்கு. டிரெய்லர் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் ஒருபடி விபரீதமாகிறது. இங்கே விற்கிறவனுக்கே பல சமயங்களில் குறை தெரியாது. சுவருக்குள் ஊறும் நீரை அவனும் பார்த்ததில்லை. பொய் சொல்லாமலே அவன் பொய்யான சரக்கை விற்கிறான்.

இந்த அறியாமைக்குப் பரிகாரமாக வந்தவர்கள் பரிசோதகர்கள். அமெரிக்காவில் இவர்களுக்குத் தேசியச் சங்கமும் பயிற்சிச் சான்றிதழும் உண்டு. சில நூறு டாலர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு, கூரையிலிருந்து அடிச்சட்டம் வரையில் பார்த்து, ஈரம் அளக்கும் கருவியைச் சுவர்களில் ஓட்டி, படங்களோடு அறிக்கை தருகிறார்கள். அறிக்கையில் காண்பனவற்றில் பாதியைச் சாதாரண மனிதனே கண்டுகொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம். மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பதுபோல் முதலில் இதைப் பார்க்கவேண்டும். பள்ளம் தேயாத டயரும் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு நெடுஞ்சாலையில் கிழிந்து, சக்கரத்துக்கு மேலுள்ள சுவரையும் பெயர்த்துக்கொண்டு போகும். குளிர்ப்பெட்டியைத் திறந்தால் அம்மோனியா நெடி வருகிறதா, அதன் பின்புறக் குழாய்களில் மஞ்சள் படிவு தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். 1922-ல் ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த, அசையும் உறுப்பே இல்லாமல் வெப்பத்தைக்கொண்டு குளிர்ச்சி உண்டாக்கும் யந்திரத்தின் வாரிசு அது. சமதளத்தில் நிறுத்தாமல் நெடுநேரம் ஓட்டினால் கெட்டுவிடும் குணமுடையது, கெட்டால் மாற்றுவதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் வேண்டும்.

பரிசோதனைக்கும் எல்லையுண்டு. ஈரக்கருவி சுவரின் மேற்பரப்புக்கு அருகேயுள்ள ஈரத்தைத்தான் அறியும். உள்ளே உலோகம் இருந்தால் பொய்யாகவும் குரல் கொடுக்கும். நெடுங்கோடைக்குப் பிறகு உளுத்த மரமும் காய்ந்த மரமாகவே அதற்குத் தோன்றும். புதுப் பலகை ஒட்டி, வர்ணம் தீட்டி, மணம் தெளித்து வைத்த மூலையைக் கண்டு சந்தேகிக்கக் கருவி போதாது, மனிதனுடைய அனுபவம் வேண்டும். 8,000 டாலர் டிரெய்லருக்கு 800 டாலர் கொடுத்துப் பரிசோதிப்பதா என்ற தயக்கமும் நியாயமானதே; மலிவான வண்டியை வாங்கும் ஏழைக்குத்தான் பரிசோதனை அதிகம் தேவை, அவனுக்குத்தான் அது கட்டாது.

தண்ணீரையும் விடச் சூட்சுமமான ஒரு குறையை வரலாறு காட்டியிருக்கிறது. 2005-ல் கத்ரீனாப் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தையும் வளைகுடாக் கரையையும் பாழாக்கியபோது, வீடிழந்தவர்களுக்காக அமெரிக்க அரசாங்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களையும் அவற்றைப் போன்ற நகரும் வீடுகளையும் அவசர அவசரமாக வாங்கியது. அவற்றில் குடியிருந்தவர்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் அடைந்தார்கள். அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு மையம் 519 வீடுகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவில், பலகைகளின் பசையிலிருந்து கிளம்பும் பார்மால்டிஹைடு என்ற நச்சுவாயு சாதாரண வீடுகளில் உள்ளதைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பின்னர் அந்த டிரெய்லர்கள், 'குடியிருப்புக்கு ஏற்றவை அல்ல' என்ற எச்சரிக்கைச் சீட்டோடு, வாங்கிய விலையில் சிறு பகுதிக்கு ஏலம் போயின. ஏலம் எடுத்தவர்கள் சிலர் சீட்டைக் கிழித்துவிட்டு மீண்டும் விற்றார்கள். 2010-ல் வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது அதைச் சுத்தம் செய்யவந்த தொழிலாளிகள் சிலர் அவற்றிலேயே தங்கினார்கள். சீட்டு இருந்தவரையில் அந்த அற்ப விலை நியாயமான விலையே. சீட்டு கிழிந்த கணத்தில் அதே டிரெய்லருக்கு எந்த விலையும் நியாயமன்று. பட்டியலிலோ இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே மாதிரி, ஒரே தொகை.

அப்படியானால் விலையை எவ்வாறுதான் தீர்மானிப்பது? என் அபிப்பிராயத்தில், பட்டியலின் தொகையைத் தொடக்கமாகக் கொண்டு கழித்துக்கொண்டு போவதே சரி. உதாரணமாக, குறையற்ற ஒரு டிரெய்லர் 16,000 டாலருக்குப் படியும் என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரி, அதே வயதுள்ள மற்றொன்றுக்கு நான்கு டயர்கள் 600, மின்கலங்கள் 200, குளிர்ப்பெட்டி 1,800, உளுத்த முன்மூலையைப் பிரித்துக் கட்ட 4,000 என்று செலவு தெரிந்தால் மீதி 9,400. பார்வைக்கு இது எளிய கணக்கு. ஆனால் இந்த நான்கு தொகைகளும் ஒரே தன்மையுடையன அல்ல. டயரும் மின்கலமும் தேய்பவை. அவற்றின் செலவு முன்கூட்டியே தெரியும். மூலையின் செலவோ, சுவரைப் பிரிக்கும் வரையில் எவரும் அறியாதது. 4,000 என்று தொடங்கி 9,000-ல் முடியலாம், அல்லது பிரித்தபின் மூடவே முடியாமல் போகலாம். ஆகவே தேய்பவற்றுக்கு உள்ளபடியும், ஊறியவற்றுக்கு மதிப்பீட்டின் இருமடங்காகவும் கழிப்பது விவேகம். அதற்கு விற்கிறவன் இசையாவிட்டால் வாங்காமல் திரும்புவதும் விலை மதிப்பிடுதலின் ஒரு பகுதியே.

இந்த முறையைக் கைக்கொள்வதற்குள்ள பெரிய இடையூறு பேரத்தில் இல்லை, வங்கியில் இருக்கிறது. ரொக்கம் கொடுப்பவன் தன் கண்ணை நம்பி மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். கடன் வாங்குகிறவனுக்குப் பட்டியலே விதி. பெரும்பாலான வங்கிகள் டிரெய்லரைப் பாராமலே ஆண்டையும் மாதிரியையும் கேட்டுத் தொகையைத் தீர்மானிக்கின்றன, குறிப்பிட்ட வயதைத் தாண்டியவற்றுக்குக் கடனே கொடுப்பதில்லை. முப்பது ஆண்டாகச் சொட்டு நீர் புகாத ஸ்காம்ப் ஒன்றை வாங்கப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, தரை அமுங்கும் நான்கு வயது டிரெய்லருக்குச் சராசரிச் சில்லறை விலையைக் கணக்கிட்டு அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொள்ளுகிறார்கள்.